ஜிகினாவும் அரசியலும்: மாயா அருட்பிரகாசத்தைத் திருமலையிலிருந்து பார்த்தால்

உயர்தரத்தில் சித்திரம் படித்த ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "எம்.ஐ.ஏ. மாதிரி ஆட்கள் கண்ணைக் குத்துகிற நிறம், போலி பிராண்ட், புலிப்படம், பாட்டு, ரீசேட் எல்லாம் கலந்து அரசியல் சொல்கிறார்கள். சிலர் கொண்டாடுகிறார்கள், சிலர் வெறும் விளம்பரம் என்கிறார்கள். உண்மையில் அது கலையா? நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து திருகோணமலையில் அப்படி ஒரு கண்காட்சி வைக்க யோசிக்கிறோம். எங்கே தொடங்குவது?"

தம்பி, எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடுகிற லண்டன் தமிழ்ப் பெண் மாயா அருட்பிரகாசம் செய்வது கலைதான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நல்ல கலையா என்பது வேலைக்கு வேலை மாறும். அவர் செய்தவற்றில் சில அருமை, சில வெறும் சத்தம். நீங்கள் கடைசியாகக் கேட்டதுதான் சிக்கல். லண்டனில் மாட்டினால் நல்ல விலைக்குப் போகிற படம், இங்கே திருமலையில் மாட்டினால் பொலிஸ் வந்து பெயர் விலாசம் கேட்கிற படமாகலாம். படம் ஒன்றுதான். இந்த வகைக் கலையை அளக்க என்னிடம் இருக்கிற கோல் இதுதான்: அதை எந்த ஊரில், யார் கண்முன், என்ன விலை கொடுத்து மாட்டுகிறார்கள்?

மலிவான, மினுக்கலான படத்தைக் கலைப் புத்தகங்கள் கிட்ச் என்று சொல்கின்றன. அதைப் பார்க்க நீங்கள் நூலகத்துக்குப் போகத் தேவையில்லை. கடைத்தெருவில் ஒரு பிறேம் கடைக்குள் நுழைந்து கொஞ்ச நேரம் நில்லுங்கள். முருகனுக்குப் பின்னால் சிவப்பும் பச்சையுமாகச் சுற்றுகிற எல்ஈடி ஒளிவட்டம். அதன் வயர் பின்பக்கத்தால் இறங்கி, பக்கத்தில் வேளாங்கண்ணி மாதாவுக்குப் போகிற அதே பிளக்கில் முடிகிறது. கறுப்பு வெல்வெட்டில் தங்கத் துகளால் போட்ட மக்கா. சுவிட்சைத் தட்டினால் தண்ணீர் ஓடுகிற நீர்வீழ்ச்சிப் படம், அதில் குருவிச் சத்தமும் வரும். மேலே விஜய். எல்லா முகத்துக்கும் ஒரே ரோஸ் நிறக் கன்னம். இந்தப் படங்கள் யாரையும் எதுவும் கேட்பதில்லை. பார்த்தவுடன் மனசுக்கு இதமாக இருக்கும், அவ்வளவுதான். அதனால்தான் அவை எந்த வீட்டுக்குள்ளும், எந்தச் சென்றிப் பொயின்ற் தாண்டியும் போய்விடுகின்றன. சண்டைக் காலத்தில்கூடச் சாமிப்படத்தைக் கழற்றி வைக்கச் சொல்லி யாரும் சொன்னதில்லை.

அமெரிக்க விமர்சகர் கிளெமென்ட் கிரீன்பெர்க் 1939-ல் எழுதிய கட்டுரையில் இதைத்தான் கவனித்தார். ஹிட்லரும் ஸ்டாலினும் முசோலினியும் மலிவான ரசனையைத் தூக்கிப்பிடித்ததற்குக் காரணம், அது சனத்தோடு ஒட்டிக்கொள்ள இலகுவான வழி என்பதே. அவர் கிட்சை வெறுத்தார். நான் வெறுக்கவில்லை, அந்தப் பிறேம் கடை எனக்குப் பிடிக்கும். ஆனால் அதிகாரம் அதை நேசிக்கிறது என்ற அவதானம் சரியானது. எங்கள் பக்கத்துச் சரித்திரமும் அதைத்தான் சொல்கிறது. ராஜா ரவிவர்மா 1894-ல் அச்சகம் தொடங்கிய பிறகுதான் லட்சுமிக்கும் சரஸ்வதிக்கும் இப்படித்தான் முகம் என்று சனம் முடிவு செய்தது. கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்து, சிவகாசியில் அச்சான கலண்டர்கள் கடல் தாண்டி எங்கள் வீட்டுச் சுவர்களுக்கும் வந்தன. சிங்கள வீடுகளில் அதே வேலையைச் சார்லிஸ் மாஸ்டரின் பௌத்தப் படங்கள் செய்தன. கடவுளும் மன்னனும் எப்படி இருப்பார்கள் என்பதை அச்சு யந்திரம் தீர்மானித்தால், அடுத்தபடியாக எதிரி எப்படி இருப்பான் என்பதையும் அதுவே தீர்மானிக்கும்.

2019 நவம்பர் சனாதிபதித் தேர்தல் முடிந்த கையோடு நாடு முழுக்க இளைஞர்கள் பெயின்ற் வாளியோடு மதில்களில் இறங்கியது ஞாபகம் இருக்கும். சிங்கக் கொடி, பழைய மன்னர்கள், படைவீரர்கள், இராவணன். யாரும் அதைக் கிட்ச் என்று சொல்லவில்லை, அழகுபடுத்தல் என்றார்கள். ஆகவே, மலிவுப் படத்தை அரசியலுக்குப் பாவிப்பது எம்.ஐ.ஏ. கண்டுபிடித்த புதுமை இல்லை. அவருக்கு முன்னமே அது வேறு கைகளில் இருந்த ஆயுதம். அவர் செய்தது அதைப் பிடித்து மற்றப் பக்கம் திருப்பியது.

சரி, அவருடைய கதைக்கு வருவோம். மாதங்கி அருட்பிரகாசம், மாயா என்று கூப்பிடுவார்கள். 1975-ல் லண்டனில் பிறந்து, ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணம் வந்தவர். சில காலம் சென்னை. 1986-ல் தாயோடும் கூடப்பிறந்தவர்களோடும் அகதியாக லண்டன். தந்தை அருளர் ஈரோஸ் அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். மேற்குப் பத்திரிகைகள் பல அவரைப் புலி என்று எழுதின, அது பிழை. ஈரோஸ் என்றால் திருமலையில் வயது போனவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது, உங்கள் வயதுக்காரருக்காகச் சொல்கிறேன்: அது புலிகள் அல்லாத இன்னொரு தமிழ் ஆயுத இயக்கம். தாய் கலா தையல்காரி. முதல் இரண்டு இசைத்தட்டுகளுக்கும் தந்தையின் பெயரும் தாயின் பெயரும்தான்: 2005-ல் ஒன்று, 2007-ல் மற்றது.

அவரைப் பாடகியாகத்தான் எல்லோருக்கும் தெரியும். உண்மையில் அவர் படக்காரி. லண்டன் சென்ட்ரல் செயின்ற் மார்ட்டின்ஸ் கல்லூரியில் சினிமா படித்தவர். 2001-ல் இலங்கைக்கு வந்து தமிழ் இளைஞர்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்க முயன்றார், அது முடியவில்லை. அந்த ஆண்டே லண்டனில் முதல் கண்காட்சி: ஸ்பிறே பெயின்றால் அடித்த ஸ்டென்சில் படங்கள். புலி, பீரங்கி வண்டி, ஆயுதம் தூக்கிய உருவங்கள், பனை. நிறமோ மிட்டாய்க் கடை நிறம், பளீரென்ற ரோஸும் பச்சையும் மஞ்சளும். மாற்று ரேணர் பரிசு என்ற கலைப் பரிசு ஒன்றுக்கு அவர் பெயர் போனது. ஹொலிவூட் நடிகர் ஜூட் லோ அவருடைய படத்தை வாங்கினார்.

இங்கே ஸ்டென்சிலைப் பற்றிக் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் அவர் கலையின் பாதி அந்தத் தொழில்நுட்பத்திலேயே இருக்கிறது. தடித்த அட்டையில் உருவத்தை வெட்டி எடுக்கிறோம். ஓட்டை வழியாக நிறம் சுவரில் விழுகிறது. நடுவில் தனித்து நிற்கிற துண்டு கழன்று விழாமல் இருக்க ஒரு பாலம் விட வேண்டும். தமிழில் செய்து பார்த்தால் இது உடனே விளங்கும். ண, ஞ, ஒ போன்ற சுழி எழுத்துகளில் உள்வட்டம் பொத்தென்று விழுந்துவிடும், பாலம் விட்டால்தான் நிற்கும். அந்தப் பாலங்களால்தான் ஸ்டென்சில் எழுத்து துண்டு துண்டாக, ஒரு இராணுவப் பெட்டியின் முகத்தோடு இருக்கிறது. வெடிமருந்துப் பெட்டி, எண்ணெய்ப் பரல், முகாம் கதவு எல்லாவற்றிலும் நாங்கள் பார்த்த எழுத்து அது. மாயா அந்த இராணுவ வெட்டை எடுத்து, அதற்குள் பிறந்தநாள் கேக்கின் நிறத்தை ஊற்றினார். இரண்டாவது அட்டையைச் சற்று நகர்த்தி அடித்தால் உருவம் இரட்டித்து நடுங்கும். ஓரத்தில் நிறம் கசியும். கசிவைத் துடைக்காமல் விட்டார். நிறத்தைப் பார்த்துக் கிட்டப்போய், உருவம் விளங்கியதும் பார்க்கிறவர் ஒரு அடி பின்வாங்க வேண்டியிருக்கும். அந்தப் பின்வாங்கலுக்காகத்தான் இவ்வளவு நிறமும் என்று நான் நினைக்கிறேன்.

எனக்கு அவருடைய வேலைகளில் மிகவும் பிடித்தது ஓவியம்கூட இல்லை, உடுப்பு. இத்தாலிய வெர்சாச்சே நிறுவனம் அவரோடு சேர்ந்து ஒரு உடுப்பு வரிசை செய்ய வந்தபோது, லண்டன் தெருச் சந்தைகளில் விற்கிற போலி வெர்சாச்சே டிசைன்களை எடுத்து, அவற்றையே அசல் நிறுவனத்தின் பெயரில் அடிக்க வைத்தார். 2013-ல் கடைகளுக்கு வந்தது. அதாவது, ஏழைக் குடியேறிகள் போடுகிற நகலை, அசலுக்கு நகலெடுக்க வைத்தார். தையல்காரியின் மகளுக்குத்தான் இந்தப் பகிடி தோன்றும். துணி யார் வீட்டில் வெட்டப்படுகிறது, இலாபம் யார் வீட்டுக்குப் போகிறது என்று ஒரு சொல்லும் சொல்லாமல் காட்டிவிட்டார். பிறகு பிரித்தானிய அரசின் எம்.பி.ஈ. விருது கிடைத்தபோது அந்தப் பதக்கங்களைக் கையால் தைக்கிற வேலையைத் தன் தாய் செய்தவர் என்று மாயாவே சொன்னார். அரண்மனைப் பதக்கத்தையும் சந்தைச் சட்டையையும் ஒரே தையல் ஊசியால் கோர்த்த மாதிரி.

2015-ல் அகதிகளைப் பற்றிய ஒரு பாட்டுக்கு அவரே இயக்கிய வீடியோவும் அந்த வகை. வேலிக் கம்பிகளில் ஏறுகிற ஆண்கள், படகில் நெருக்கி இருக்கிறவர்கள், எல்லாம் விளம்பரப் படம் போல ஒழுங்காக, அழகாக. அதில் அவர் போட்டிருந்தது பாரிஸ் சென்ற் ஜேர்மன் காற்பந்துக் கழகத்தின் ஜேர்சி. மார்பில் விமான நிறுவனத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'கடற்கொள்ளையரோடு பறவுங்கள்' என்ற பொருளில் மாற்றி எழுதியிருந்தார். கழகத்துக்குக் கோபம். தங்கள் பெயருக்குக் கெடுதல் என்று கடிதம் எழுதி, வீடியோவை எடுக்கச் சொன்னார்கள். கடலில் சனம் சாகிற காலத்தில் ஒரு ஜேர்சியின் மானத்துக்குச் சட்டத்தரணி ஓடிவந்தார். அந்தக் கடிதம் வந்ததும் வேலை முழுமையாகிவிட்டது என்பேன்.

எல்லாமே இப்படி அமையவில்லை. 2012-ல் அமெரிக்கக் கால்பந்து இறுதி ஆட்டத்தின் இடைவேளையில் கமராவுக்கு நடுவிரல் காட்டினார், லீக் நிர்வாகம் நட்டஈடாக 1.66 கோடி டொலர் வரை கேட்டது. அதில் என்ன அரசியல் என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. 2024-ல் தொலைபேசி அலைக்கதிரைத் தடுக்கும் என்று தொப்பியும் உடுப்பும் விற்கத் தொடங்கினார். கொரோனாக் காலத்தில் தடுப்பூசிக்கு எதிராகப் பேசியதும் நினைவிருக்கும். அதே பளபளப்பு, அதே சந்தைக் குரல், உள்ளே இப்போது வெறும் பயம். இந்த வடிவத்தில் இருக்கிற ஆபத்தை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியாது: மினுக்கல் எதையும் தூக்கும்.

ஆனாலும் 2009-ஐ மறக்கக் கூடாது. அந்த ஆண்டு பெப்ரவரி 8-ல் நிறைமாதக் கர்ப்பிணியாகக் கிராமி மேடையில் ஆடினார். ஏ.ஆர்.ரஹ்மானோடு சேர்த்து ஒஸ்காருக்கும் அவர் பெயர் போயிருந்தது. வன்னியில் செல் விழுந்துகொண்டிருந்த கிழமைகள் அவை. அமெரிக்கத் தொலைக்காட்சியில் உட்கார்ந்து இனப்படுகொலை என்ற சொல்லைச் சொல்ல அன்று எங்கள் எம்.பி. ஒருவருக்கும் இடம் கிடைத்திருக்காது. ஒரு பொப் பாடகிக்குக் கிடைத்தது. இதில் தலைகுனிவும் இருக்கிறது, பலனும் இருக்கிறது.

அடுத்த ஆண்டு வந்த அவருடைய ஒரு வீடியோவில் செம்பட்டை முடிக்காரரைப் படையினர் தேடிப் பிடித்து ஏற்றிப்போய்க் கொல்கிறார்கள். ரோமன் கவ்ராஸ் இயக்கியது. யூரியூப் அதைக் கட்டுப்படுத்தியது. இலங்கையில் கண் கட்டி, நிர்வாணமாக்கிச் சுடப்பட்டவர்களின் காட்சி அதற்கு முந்திய ஆண்டே பிரித்தானியத் தொலைக்காட்சியில் வந்திருந்தது, உலகம் அதைப் பார்த்துவிட்டுத் தேநீர் குடித்தது. நடிப்பில், செம்பட்டை முடியோடு பார்த்தபோதுதான் பலருக்குப் பதறியது. அந்த வீடியோ சொல்ல வந்ததும் அதுதானே.

இப்போது புலி.

லண்டன் கலரியில் ரோஸ் நிறப் புலி என்றால் முதலில் அது ஒரு காட்டு மிருகம், கொஞ்சம் ஆசியா, கொஞ்சம் துணிச்சல். அதன் பின்னால் என்ன இருக்கிறது என்று அறிந்தவர் சிலர். வாங்கினவர் சோபாவுக்கு மேலே மாட்டலாம். திருமலையில் அதே படத்துக்கு முதலில் வருவது 1979-ல் கொண்டுவந்து இன்னும் தூக்கியெறியாத பயங்கரவாதத் தடைச் சட்டம். 2020, 2021-ல் முகநூலில் ஒரு படம் பகிர்ந்ததற்காக உள்ளே போன தமிழ்ப் பிள்ளைகள் பலர். மாயாவுக்கு அமெரிக்க விசா இழுபட்டது, தொலைக்காட்சிகள் அவருடைய பாட்டில் துப்பாக்கிச் சத்தத்தை வெட்டின. அவையும் தொல்லைதான், ஆனால் அந்த விசாத் தொல்லையிலிருந்து ஒரு உலகப் பிரசித்தமான பாட்டு வந்தது. இங்கே வருவது தடுப்புக்காவல் உத்தரவு.

சட்டம் மட்டும் என்றால் துணிச்சலைப் பற்றிப் பேசி முடித்துவிடலாம். உங்கள் கண்காட்சிக்கு யார் வருவார்கள்? 2006 ஆகஸ்டில் மூதூரிலிருந்து கையில் கிடைத்ததோடு ஓடிவந்த முஸ்லிம் குடும்பத்தின் மகள் வருவாள். கட்டாய ஆட்சேர்ப்பில் பிள்ளையைக் கொடுத்த தமிழ்த் தாய் வருவார். குண்டு வெடித்த பஸ்ஸில் தகப்பனை இழந்த சிங்களப் பையன் வருவான். அந்தப் புலி இவர்கள் யாருக்கும் டிசைன் அல்ல. லண்டனில் அந்தப் படத்தின் பலம், பார்க்கிறவருக்கு அதன் பாரம் தெரியாததில் இருந்தது. இங்கே எல்லோருக்கும் தெரியும், ஒவ்வொருவருக்கும் வேறு வேறு பாரம். ஆகவே அதை எடுக்காதீர்கள் என்பேன். பயத்தால் சொல்லவில்லை. இங்கே அந்தப் படம் வேலை செய்யாது, அதனால் சொல்கிறேன்.

வெளிநாட்டு உதாரணம் இன்னொன்று, சுருக்கமாக. சீன ஓவியர் வாங் குவாங்யி 1990-ல் தொடங்கி, கலாசாரப் புரட்சிக் காலச் சுவரொட்டியில் வருகிற தொழிலாளி, விவசாயி, படைவீரன் உருவங்களோடு கொக்கா கோலா போன்ற பிராண்ட் பெயர்களைச் சேர்த்து வரைந்தார். கட்சியின் கிட்சும் கம்பனியின் கிட்சும் ஒரே சட்டகத்தில். முதல் தடவை பார்க்கிறபோது அடிக்கிறது. நூறாவது படத்தில் அதுவே ஒரு பிராண்ட் ஆகிவிட்டது, உலகச் சந்தையில் பெரும் விலைக்குப் போனது.

எங்கள் நாட்டுக்குள் பார்க்க வேண்டியவர் சந்திரகுப்த தேனுவர. 1960-ல் காலியில் பிறந்தவர், மொஸ்கோவில் படித்தவர். 1997-ல் அவர் எடுத்த பொருள் தார்ப் பரல். கொழும்புச் சோதனைச்சாவடிகளில் பச்சையும் கபிலமுமாக உருமறைப்பு நிறம் பூசி அடுக்கியிருந்த பரல்களைக் கலரிக்குள் கொண்டுவந்து, அந்தப் பாணிக்குப் பரலிசம் என்று பெயரும் வைத்தார். மறைப்பதற்கான நிறத்தை நகர நடுவில், எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி வைப்பதில் இருந்த கேலியை அவர்தான் முதலில் பிடித்தார். 1983-ல் தமிழருக்கு எதிராக நடந்த கறுப்பு யூலைக் கலவரத்தை நினைத்து ஒவ்வொரு ஆண்டும் யூலை 23-ல் கண்காட்சி வைக்கிறவர். ஒரு சிங்களக் கலைஞர் தன் சனத்தின் முகத்துக்கு நேரே அதைச் செய்கிறார் என்பதால்தான் அந்தத் திகதிக்கு எடை. நாங்கள் அதே பரல்களுக்கு மற்றப் பக்கம் நின்றவர்கள். திருமலையில் பரல் என்றால் அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வெயிலில் நின்ற வரிசை. நீங்கள் பரல் செய்தால் அந்த வரிசையிலிருந்து செய்ய வேண்டும், அவர் செய்த மாதிரிச் செய்தால் நகல்.

திருமலையில் படமும் சிலையும் ஒருநாளும் வெறும் அலங்காரமாக இருந்ததில்லை. 2005 மே மாதத்தில் சந்தைக்குப் பக்கத்தில் ஒரே இரவில் புத்தர் சிலை ஒன்று முளைத்து, ஊரே ஹர்த்தாலில் மூடிக் கிடந்தது. கோணேசர் மலையில் இராவணனைத் தமிழர் தங்கள் மன்னன் என்கிறார்கள். அதே இராவணனை மதிலில் வரைந்த சிங்கள இளைஞர்கள் தங்கள் மன்னன் என்கிறார்கள். பத்துத் தலையை வைத்து ஒருவர் நல்ல பகிடி ஒன்று செய்யலாம், இன்னும் யாரும் செய்யவில்லை.

பளபளப்பு இல்லாத படம் எப்படி இருக்கும் என்பதும் இந்த ஊருக்குத் தெரியும். 2006 ஜனவரி 2-ல் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் கொண்டுவந்த கைக்குண்டு வெடித்துச் செத்தார்கள் என்று முதலில் சொல்லப்பட்டது. பத்திரிகையாளர் சுகிர்தராஜன் எடுத்த புகைப்படங்களில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் தெரிந்தன. அந்தக் கதை நிற்கவில்லை. அதே மாதம் 24-ஆம் திகதி சுகிர்தராஜனைச் சுட்டார்கள். அந்தப் படங்களுக்கு நிறமும் வேண்டாம், ஸ்டென்சிலும் வேண்டாம். என்னைக் கேட்டால் இறந்தவர்களின் முகங்களை இந்தக் கண்காட்சிக்குள் கொண்டுவராதீர்கள். மாணவர்களின் பெற்றோர் இன்னும் நீதி கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், அவர்கள் பிள்ளைகளின் முகத்துக்கு ரோஸ் நிறம் பூச எங்களுக்கு உரிமை இல்லை. சாவைச் சுற்றி நிற்கிற பொய்களுக்குப் பூசுங்கள்: அறிக்கைகள், விசாரணைக் குழுக்கள், திறப்புவிழாக் கற்கள், "இனிய நாட்டுக்கு வருக" பலகைகள்.

எதைத் தொட்டால் சுடும் என்று முன்கூட்டியே தெரியாது என்பதையும் சொல்ல வேண்டும். 2019 மே மாதத்தில் ஹசலக்கவில் ஒரு முஸ்லிம் பெண் கப்பல் சுக்கான் அச்சடித்த உடுப்பைப் போட்டிருந்தார். அது தர்மச்சக்கரம் என்று சொல்லிப் பிடித்து உள்ளே வைத்தார்கள். கடையில் விற்ற துணி. அவர் எந்தச் செய்தியும் சொல்லவில்லை. 2024 மே மாதத்தில் எங்கள் மாவட்டத்திலேயே, சம்பூர்ப் பக்கம், 2009 கடைசிச் சண்டையின் நினைவாக முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிக் கொடுத்ததற்காகப் பெண்களைக் கைது செய்தார்கள். அரிசியும் உப்பும் தண்ணீரும். அதே கஞ்சியை 2022 மே 18-ல் கொழும்பு காலிமுகத்திடலில் ராஜபக்ச ஆட்சிக்கு எதிரான போராட்டக்காரர்கள் வெளிப்படையாகப் பகிர்ந்தார்கள். அந்தத் திடலில் ராஜபக்சக்களின் குரக்கன் நிறச் சால்வையும், பசிலைக் காகமாக்கிய கூச்சலும், முகமூடிகளும் கட்அவுட்டுகளும் கொடிகட்டிப் பறந்தன. ஆட்சியின் கிட்சை அதன் கழுத்திலேயே சுற்றினார்கள். பார்க்க எனக்கும் சந்தோசமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தச் சிரிப்பைச் சிரிக்கக் கொழும்பில் கொஞ்சம் இடம் இருந்தது. சம்பூரில் கஞ்சிக்கே இடம் இல்லை.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? இந்த ஊர் ஏற்கெனவே விற்றுக்கொண்டிருக்கிற பொருட்களிலிருந்து தொடங்குங்கள். உப்புவெளிப் பக்கத்து உல்லாசப் பயணிக் கடைகளில் தொங்குகிற யானைக் காற்சட்டை, டொல்பின் சாவிக்கொத்து, சொர்க்கம் என்று எழுதிய பலகை. கோட்டையிலிருந்து இறங்கிவந்து சந்தைக் குப்பையில் பொலித்தீன் மெல்லுகிற புள்ளிமான்கள். அஞ்சலட்டையில் மான் எவ்வளவு அழகு, குப்பைமேட்டில் எவ்வளவு உண்மை. அந்த இரண்டையும் ஒரே பிறேமுக்குள் போடலாம், ஒளிவட்டத்தோடு.

என்னிடம் ஒரு ஆசை இருக்கிறது, நான் செய்யப்போவதில்லை, நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். சீனன்குடாவில் வெள்ளைக்காரன் கட்டிய 99 எண்ணெய்க் குதங்கள், அதாவது பெரிய சேமிப்புத் தாங்கிகள், நிற்கின்றன. 1942 ஏப்ரலில் யப்பான்காரன் குண்டு போட்ட திருமலை இது. அந்தக் குதங்களுக்காக இந்தியாவும் கொழும்பும் பேசிப் பேசி 2022 ஜனவரியில் ஒப்பந்தம் போட்டார்கள். அதே ஆண்டு நடுப்பகுதியில் இந்த ஊர்ச் சனம் பெற்றோல் செட்டில் இரவிரவாக நின்றது, யூலையில் பெற்றோலை அளந்து கொடுக்கக் கியூஆர் குறியீடு வந்தது. பிறேம் கடை முருகனுக்குப் பின்னால் சுற்றுகிற அதே எல்ஈடி ஒளிவட்டத்தை வாங்கி, நடுவில் அந்தக் கியூஆர் சதுரத்தை வைத்து, கீழே 99 சின்னக் குதங்களை ஸ்டென்சிலில் வரிசையாக அடியுங்கள். தமிழன், சிங்களவன், முஸ்லிம் எல்லோரும் அந்த வரிசையில் நின்றவர்கள். யாருக்கும் விளக்கக் குறிப்பு தேவைப்படாது. யாருடைய சாவையும் நீங்கள் தொடவுமில்லை. பொலிஸ் வந்து கேட்டாலும், அவருடைய போனிலும் அந்தச் சதுரம் இருந்திருக்கும்.

செய்முறையில் இரண்டு விசயம். ஸ்டென்சிலுக்கு அட்டை வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். பழைய எக்ஸ்ரே படத் தாள் கிடைத்தால் அதுதான் நல்லது, பெயின்றில் ஊறாது, திரும்பத் திரும்பப் பாவிக்கலாம். நெஞ்செலும்பு தெரிகிற தாளில் குதம் வெட்டுவது பார்க்கவும் ஒரு மாதிரியாகத்தான் இருக்கும். அடுத்தது, பிளாஸ்ரிக் பூ, ஜிகினா, சீரியல் லைட் எல்லாவற்றையும் உள்ளூர்க் கடையிலேயே வாங்குங்கள், இணையத்தில் வரவழைக்காதீர்கள். கடைக்காரர் எதற்கு என்று கேட்பார். சொல்லுங்கள். செய்த பிறகு அவரிடமே கொண்டுபோய்க் காட்டி, உங்கள் கடையில் இரண்டு நாள் தொங்கவிடுவீர்களா என்று கேளுங்கள். அவர் முருகனுக்கும் மாதாவுக்கும் நடுவில் அதை மாட்ட ஒத்துக்கொண்டால் உங்கள் வேலை நகர மண்டபத்துக்குத் தயார். தயங்கினால், ஏன் தயங்கினார் என்று இருந்து கதையுங்கள். விமர்சகர் யாரும் சொல்லாத விசயத்தை அவர் சொல்லக்கூடும்.

பெயர்ப் பலகைகளை மூன்று மொழியிலும் போடுங்கள், சிங்களத்தைக் கூகிளிடம் விடாமல் தெரிந்த ஒருவரிடம் எழுதி வாங்குங்கள். ஒரு கொம்பு பிழைத்தால் பேச்சு முழுக்க அதைப் பற்றியே போகும். திறப்பு விழாவுக்கு அரசியல்வாதி எவரையும் கூப்பிடாதீர்கள். அவர் வந்தால் அவருடைய பனரும் வரும், அது உங்கள் படங்கள் எல்லாவற்றையும் விடப் பெரிதாக இருக்கும்.